பாட்டின் தாய் துன்பமா?

கலையைப் பற்றிப் பேசும் மேடைகளிலும் மாணவர் எழுதும் கட்டுரைகளிலும் ஓர் உவமை ஓயாது வழங்கி வருகிறது. மூங்கில் துளைபட்டதனால்தான் குழலாயிற்று. அதுபோல மனிதனும் துன்பத்தால் துளைக்கப்பட்டால்தான் அவனிடமிருந்து இசை பிறக்கும் என்பது அவ்வுவமை. கேட்பதற்கு இனிமையானதுதான். ஆயினும், துளைபட்ட மூங்கில் யாவும் குழலாவதில்லை. வண்டு துளைத்த மூங்கில்களிற் பெரும்பாலானவை அடுப்புக்கே போகின்றன. வண்டு துளைத்த மூங்கிலில் காற்றுப் புகுந்து குழலோசை எழுப்புவதை அகநானூற்றில் கபிலர் பாடியிருக்கிறாரே என்று தமிழாசிரியர் ஒருவர் மறுத்துரைக்கக்கூடும். உண்மைதான். ஆனால் அது ஓசை, பாட்டு அன்று. பாட்டு வேண்டுமாயின், இன்ன மூங்கில், இன்ன முற்றல், இன்ன இடைவெளி என்று அறிந்து துளையிடும் ஒரு கை வேண்டும். உவமை சொல்வோர் அந்தக் கையை மறந்துவிடுகின்றனர்.

துன்பமே கலையின் தாய் என்னும் கருத்து மேடைப் பேச்சோடு நின்றிருந்தால் பெருந்தீங்கு இல்லை. அது ஒரு நடத்தைக்கும் வழிகோலுகிறது. பாடுபவன் பட்டினி கிடந்தால் அது அவன் பாட்டுக்கு உரம் என்று கேட்பவன் மனத்தைத் தேற்றிக்கொள்கிறான். அவன் வாழ்வு சிதைந்தால், மேதைகளின் வாழ்வு அப்படித்தான் என்கிறான். அவன் இறந்தபின் மாலையிடுகிறான். எனவே, இக்கருத்து உண்மையா என்று ஆராய்வது இலக்கிய வாதம் மட்டுமன்று. அறத்தைச் சார்ந்த வினாவுமாகும். அதனை இந்நாட்டு மக்கள் அனைவரும் அறிந்த ஒருவரின் வாழ்வை வைத்து நோக்குவது பொருத்தமாக இருக்கும். அவர் பி. ரம்லி.

1929 மார்ச் 22-ஆம் நாள் பினாங்கில் பிறந்தவர் அவர். தந்தையார் சுமத்ராவின் அச்சே பகுதியிலிருந்து வந்தவர், செல்வர் அல்லர். பள்ளிப் பாடத்தில் சிறுவனுக்கு நாட்டம் மிகுதி என்று சொல்வதற்கில்லை. அவருக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது, 1941 டிசம்பரில், ஜப்பானிய விமானங்கள் பினாங்கின் மீது குண்டு பொழிந்தன. படிப்பு நின்றது. அரிசிக்கு வரிசையும், வரிசையின் முடிவில் மரவள்ளிக் கிழங்கும் என்றிருந்த மூன்றரை ஆண்டுகளை அவ்வயதுச் சிறுவர் எல்லாரும் கடந்தனர், அவரும் கடந்தார். இதுவரை சொன்னவற்றை மட்டும் கேட்பவர், துன்பம் ஒரு கலைஞனை உருவாக்கத் தொடங்கிவிட்டது என்று எண்ணுவர்.

ஆனால் அதே பினாங்கில் அதே ஆண்டுகளில் அதே மரவள்ளிக் கிழங்கைத் தின்ற ஆயிரக்கணக்கான சிறுவர்கள் இருந்தனர். அவர்களுக்கு இல்லாதது எது, ரம்லிக்கு இருந்தது எது என்று பார்த்தால் விடை வேறாகிறது. அவர் கைக்கு யூக்கலேலே என்னும் சிறிய நரம்பிசைக் கருவி ஒன்று கிடைத்தது. பின்னர்க் கித்தாரும் வயலினும் கிடைத்தன. இசைக்குறியீடுகளைப் படிக்கக் கற்றுக்கொடுக்க, பித்தளை வாத்தியக் குழுவை நடத்திய ஒருவர் இருந்தார். ஜப்பானியர் நடத்திய கடற்படைப் பள்ளியிற் சேர்ந்திருந்த காலத்திலும் அவர் பாடக் கற்றார். போர் முடிந்தபின் வானொலி நிலையம் பாட்டுப் போட்டிகளை நடத்தியது. 1947-இல் வடபகுதியின் சிறந்த பாடகராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். கருவி, ஆசிரியர், மேடை ஆகிய இம்மூன்றும் வறுமை தந்த பரிசுகள் அல்ல. வறுமை பிடுங்காமல் விட்டுவைத்தவை.

நான்காவதாக ஒன்றும் வாய்த்தது. 1948 ஜூன் மாதத் தொடக்கத்தில் புக்கிட் மெர்தாஜாமில் நடந்த வேளாண்மைக் கண்காட்சி ஒன்றில் அவர் வயலின் வாசித்துப் பாடினார். கூட்டத்தில் இருந்தவர்களுள் ஒருவர் இந்தியாவிலிருந்து வந்து மலாய்ப் படங்களை இயக்கிக்கொண்டிருந்த பி.எஸ். ராஜ்ஹான்ஸ். அவர் அந்தக் குரலைக் கேட்டார். கேட்டதோடு நில்லாமல், சிங்கப்பூருக்கு வா என்றார். அவ்வாண்டிலேயே ரம்லி ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புக் கூடத்திற் சேர்ந்தார். இரண்டாண்டு கழித்து, 1950-இல், அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய 'பக்தி' என்னும் படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன் என்னும் தமிழர். மலாய் மக்களின் ஒப்பற்ற கலைஞரைக் கண்டெடுத்தும் கைதூக்கியும் விட்டவர்களில் இந்தியர் இருவர் இருந்தனர் என்பது தமிழ் மாணவர் பலரும் அறியாத செய்தி.

அதே 1948 ஜூன் மாதத்தில் பேராக்கில் நடந்ததையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 16-ஆம் நாள் காலையில் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டொரு நாளில் நாடெங்கும் அவசரகாலம் நடப்புக்கு வந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. இரவில் ஊரடங்கு, காலையில் பெரட்டுக்குப்பின் சோதனை. வேலிக்குள் இருந்தவர்கள் யார்? சயாம் மரண இரயில் பாதைக்குப் போய் மீண்டவர்கள், மீளாதவர்களின் மனைவியர், அவர்களுடைய பிள்ளைகள். துன்பம்தான் பாடகர்களைப் பெற்றெடுக்கும் தாயென்றால், அன்றைய மலாயாவில் அதற்குச் சுங்கை சிப்புட்டைவிட வளமான கருப்பை எது? ஈப்போவைச் சூழ்ந்த ஒவ்வொரு தோட்டமும் பத்து ரம்லிகளைத் தந்திருக்க வேண்டும்.

தரவில்லை. குரல் இல்லாமையால் அன்று. புக்கிட் மெர்தாஜாமில் ஒருவர் நின்று கேட்டார். இங்கே நின்று கேட்க எவரும் வரவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளியை வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறியது. பல இடங்களில் அந்தப் பள்ளி லயத்தின் ஓர் அறையாகவோ ஆயாக் கொட்டகையின் ஒரு மூலையாகவோ இருந்தது. கற்பித்தவர் சில வேளைகளில் கிராணியாகவும் சில வேளைகளில் கங்காணியாகவும் இருந்தார். அப்பள்ளியில் எண்ணும் எழுத்தும் நுழைந்ததே பெரிது. சுருதியும் தாளமும் எங்கிருந்து வரும்?

இங்கே எதிர்வாதம் ஒன்றுக்கு இடமுண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. தோட்டத்தில் பாட்டு இல்லாமலில்லை. பால்வெட்டும் பெண் பாடினாள். தொட்டில் கட்டியவள் பாடினாள். சயாமுக்குப் போன கணவனை எண்ணி ஒருத்தி பாடியதைப் பிற்காலத்தில் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தோர் ஏட்டில் ஏற்றினர். எழவு வீட்டில் எழும் ஒப்பாரியைக் கேட்டவர் எவரும், துயரத்திற்கும் பாட்டுக்கும் தொடர்பில்லை என்று சொல்லத் துணியார். ஆயினும் ஒப்பாரி எவ்வாறு வருகிறது என்று உற்று நோக்க வேண்டும். கணவனை இழந்த இளம்பெண் முதல் நாளில் பாடுவதில்லை, கதறுகிறாள். பாடுபவள் அவளருகில் அமர்ந்து தோளைக் கட்டிக்கொண்டிருக்கும் மூதாட்டி. மாரடிக்கும் கணக்கும், வரியை நீட்டும் இடமும், அடுத்த வரிக்கு மூச்சு வாங்கும் இடமும் அவளுக்குத் தெரியும். அவளுடைய தாயோ அத்தையோ கற்பித்தது அது. பத்து எழவு வீடுகளில் பக்கத்தில் அமர்ந்து கேட்டபின்பே இளையவள் வாயிலிருந்து ஒப்பாரி ஒழுங்காக எழும். துக்கம் பொருளைத் தருகிறது. வடிவத்தைத் தருவது பயிற்சி. ஒப்பாரிக்கும் ஆசிரியை உண்டு, பள்ளியும் உண்டு.

பழந்தமிழர் இதனை நன்கறிந்திருந்தனர். சிறுபாணாற்றுப்படையில் பாணன் தன் பழைய வறுமையைச் சொல்லும் இடத்தைத் தமிழ் படித்தவர் மறக்க முடியாது. இடிந்த அடுக்களையில் குட்டி ஈன்ற நாய் குரைக்கிறது. குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கொய்து உப்பில்லாமல் வேகவைக்கின்றனர். அக்கம்பக்கத்தார் காண்பதற்கு நாணிக் கதவை அடைத்துவிட்டு உண்கின்றனர். அந்தப் பசி தன் யாழை இனிமையாக்கிற்று என்று பாணன் எங்கும் சொல்லவில்லை. அந்தப் பசி நீங்கியதையே சொல்கிறான்; நல்லியக்கோடனிடம் போ, உன் பசியும் நீங்கும் என்று எதிரில் வரும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்கிறான். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே, கலைஞனின் வறுமை போக்கப்பட வேண்டியது என்னும் நம்பிக்கையின்மீது எழுந்தது. வள்ளுவரும் நல்குரவு என்னும் அதிகாரத்தில் வறுமையை ஆசிரியன் இருக்கையில் அமர்த்தவில்லை. வறியவன் நல்லதைச் சொன்னாலும் அது செவியில் ஏறாது என்றே வருந்துகிறார். துன்பத்தைக் கலைக்கு மூலதனமாக்கிய எண்ணம் நம் முன்னோரிடமிருந்து வந்ததன்று. பாரதியாரை வறுமைதான் கவிஞராக்கியது என்று எழுதும் மாணவனுக்கு, வறுமை வந்து சேருமுன் எட்டயபுரம் அவைக்களமும் காசியில் கற்ற கல்வியும் இருந்தன என்று நினைவூட்ட வேண்டியிருக்கிறது. வறுமை அவருக்குச் செய்தது வேறு: 1921-இல், நாற்பது வயதை எட்டுமுன்னே, அவரைக் கொண்டுபோயிற்று.

ரம்லியின் புகழைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. இந்நாட்டில் அதை அறியாதார் இலர். 1955-இல் வந்த 'பெனாரிக் பெச்சா'வே அவர் இயக்கிய முதற்படம். மிதிவண்டி ரிக்ஷா இழுக்கும் ஏழையின் கதை அது. 'அனாக்கு சசாலி' படத்தில் நடித்ததற்காக 1957-இல் டோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். நடிப்பு, இயக்கம், கதை, இசையமைப்பு, பாட்டு ஆகிய அனைத்தும் ஒருவரிடம் கூடின. அவர் பாடிய பாடல்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை. ஆயினும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இவ்வளவும் செய்தவர் முதலாளியின் கூடத்தில் சம்பளத்துக்கு உழைத்தவரே. கலைஞர் சங்கத்திற்குத் தலைமை தாங்கியவர்களுள் அவரும் ஒருவர். 1957-இல் ஜாலான் அம்பாஸ் கலைஞர்கள் ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமானது 1954-இல். பாலுக்குக் கூலி கேட்ட காலமும் பாட்டுக்குக் கூலி கேட்ட காலமும் ஒன்றே.

1962-இல் அவர் இயக்கி நடித்த 'இபு மெர்துவாக்கு' இக்கட்டுரையின் வினாவுக்கு மிக நெருங்கியது. காசிம் செலாமாட் என்னும் சாக்சபோன் கலைஞன் செல்வர் வீட்டுப் பெண்ணை மணக்கிறான். இசைக்காரன் என்றாலே அருவருக்கும் மாமியார், பிள்ளைப்பேற்றுக்கு வந்த மகள் இறந்துவிட்டாள் என்று பொய்ச்செய்தி அனுப்புகிறாள். (கூத்தாடி என்னும் வசைச்சொல்லை வைத்திருக்கும் தமிழருக்கு அந்த மாமியார் அயலாள் அல்லள்.) அழுது அழுதே அவன் பார்வையை இழக்கிறான். பின்னர்க் குருடனான அவன் வேறு பெயரில் மேடையேறும்போது, அரங்கம் நிறைந்து வழிகிறது. இறுதியில் பார்வை மீண்டு, தன் மனைவி மற்றொருவன் மனைவியாக வாழ்வதை அறிந்ததும், முள்கரண்டிகளால் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். அக்காட்சியைக் கண்டு அழாதவர் இல்லை. ஆனால் படத்திற்குள் இருக்கும் அந்த அரங்கத்தைக் கவனிக்க வேண்டும். காசிமுக்குக் கண் இருந்தபோது பினாங்கில் அவன் கூலி வேலை செய்து மனைவியைக் காத்தான்; அப்போது எவரும் அவனைத் தேடிவரவில்லை. கண் போனபின் நாடே தேடி வந்தது. கலைஞனின் காயத்தைச் சுவைக்கும் ஒரு பசி மக்களிடம் உண்டு என்பதை ரம்லி உணர்ந்திருந்தார் போலும். அடுத்த ஆண்டு டோக்கியோவில் பல்துறை ஆற்றலுக்காக அவருக்குப் பரிசு தந்ததும் இப்படத்திற்கே.

1964-இல் அவர் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூரின் உலு கிளாங்கிலிருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவுக்கு வந்தார். அங்கிருந்து அவர் வாழ்வு சரிந்தது. மின்கித்தார்க் குழுக்களின் இசைக்கு இளைஞர் ஆடத் தொடங்கியிருந்தனர். அவருடைய மெட்டுகள் பழையன என்று ஒதுக்கப்பட்டன. படங்கள் ஓடவில்லை. பிற நாட்டுப் படங்கள் வண்ணத்தில் வந்தபோது அவர் கறுப்பு வெள்ளையிலேயே எடுக்க வேண்டியிருந்தது. 1972-இல் வந்த 'லக்சமானா டோ ரே மி' அவருடைய கடைசிப் படமாயிற்று. இதற்கிடையில் இல்லறமும் அமைதியாக இருந்ததில்லை. இரண்டு மணங்கள் முறிந்தபின் 1961-இல் பாடகி சலோமாவை மணந்து, இறுதிவரை அவருடன் வாழ்ந்தார். முறிந்த மணங்களில் குற்றம் எவருடையது என்று தீர்ப்புச் சொல்வது பிறர் வேலையன்று. ஆயினும், கலைஞன் என்பதற்காக ஒரு வீட்டின் கண்ணீர் புகழுக்குரியதாகிவிடாது என்பதை மட்டும் சொல்லிவைக்கலாம்.

துன்பமே கலையின் தாய் என்னும் கூற்றை இந்த இடத்தில்தான் உரசிப் பார்க்க வேண்டும். ரம்லியின் வாழ்வில் துன்பம் மிகுந்த காலம் இந்த உலு கிளாங் ஆண்டுகளே. அக்கூற்று மெய்யாயின் அவருடைய தலைசிறந்த படைப்புகள் இக்காலத்திற்குரியவையாக இருக்க வேண்டும். அப்படியா? அவர் படங்களை விரும்பிப் பார்ப்போர் மீண்டும் மீண்டும் நாடுவன ஜாலான் அம்பாஸில் எடுத்தவற்றையே. அங்கே தேர்ந்த ஒளிப்பதிவாளர் இருந்தனர். ஆண்டுக்கணக்கில் உடன் உழைத்த நடிகரும் இசைவாணரும் இருந்தனர். மாதக் கடைசியில் சம்பளமும் வந்தது. இங்கே அவை குறைந்தன, கலையும் குறைந்தது. அதே மனிதர், அதே மேதைமை, முன்னினும் மிக்க துன்பம். ஆனால் மூங்கிலைத் துளையிட்ட கைகள் இல்லை.

விலக்காக ஒரு பாட்டு உண்டு. 'ஆயர் மாத்தா டி கோலாலம்பூர்', கோலாலம்பூரில் கண்ணீர் என்பது அதன் பெயர். அவருடைய கடைசிப் பாட்டு என்று சொல்லப்படுவது. துயரம் அதில் நேராகவே பேசுகிறது. அதைத் தம் குரலில் பதிவு செய்ய அவர் உயிரோடிருக்கவில்லை. பின்னர் சலோமா பாடினார். துயரத்திலிருந்து நல்ல பாட்டு வரக்கூடும் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவோர் காட்டலாம். ஆனால் அந்த ஒரு பாட்டுக்கு விலையாகப் போனவை, நாற்பத்து நான்கு வயதில் நின்றுவிட்ட ஒருவர் மேலும் முப்பது ஆண்டுகளில் பாடியிருக்கக்கூடிய பாட்டுகள். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் இருபத்தொன்பதில் மறைந்தபோதும் தமிழர் இதே கணக்கைப் போட்டிருக்க வேண்டும். புகழ்ந்து பேசுவதில் மறந்துவிட்டனர்.

1973 மே 29-ஆம் நாள் மாரடைப்பால் ரம்லி இறந்தார். இருந்தபோது 1962-இல் அரசு அவருக்கு ஏ.எம்.என். விருதை வழங்கியிருந்தது. இறந்தபின் மரியாதைகள் வரிசையாக வந்தன. கோலாலம்பூரில் ஒரு சாலைக்கு அவர் பெயர். அவர் வாழ்ந்த வீடு நினைவகம். பினாங்கில் பிறந்த வீடும் அவ்வாறே. 1990-இல் டான் ஸ்ரீ பட்டம். பெருஞ்சித்திரனார் என்னும் சங்கப் புலவர் அதியமானிடம் பரிசில் நாடிச் சென்றார். அதியமான் புலவரைக் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்பினான். வறுமையில் வாடிய அந்தப் புலவர் அதை ஏற்க மறுத்தார். பொருளுக்காக மட்டும் வந்த வாணிகன் அல்லேன், என்னைக் கண்டு, என் தகுதி அறிந்து தருவது தினையளவே ஆயினும் இனிது என்றார். புறநானூறு இதைப் போற்றிக் காத்து வைத்திருக்கிறது. 1990-இன் பட்டமும் முகம் காணாமல் தந்த பரிசில்தான். பெருஞ்சித்திரனாருக்கு மறுக்கும் வாய்ப்பாவது இருந்தது.

ஈப்போவைச் சுற்றியிருந்த பழைய தோட்டங்கள் பலவற்றில் இன்று பால்மரம் இல்லை. சிலவற்றில் செம்பனை நிற்கிறது. சிலவற்றில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. லயங்களில் இருந்தோர் புந்தோங்குக்கும் மற்றப் புறநகர்களுக்கும் பெயர்ந்தனர். ஆனாலும் தோட்டத்துக் கோயிலில் ஆண்டுத் திருவிழா வந்தால் எல்லாரும் திரும்பி வருகின்றனர். உருமி ஓய்ந்த இடைவேளையில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை மேடையில் ஏற்றுகின்றனர். ஒலிவாங்கி எட்டாமல் நுனிக்காலில் நின்று அவன் அம்மன் மீது பாடுகிறான். கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைக்கின்றனர். அப்பா இல்லாத பிள்ளை, அதனால்தான் குரலில் இவ்வளவு உருக்கம் என்று ஒருவர் மற்றொருவரிடம் சொல்கிறார். யாரோ பத்து வெள்ளித் தாளொன்றை அவன் சட்டையில் குத்திவிடுகிறார். மறுநாள் பந்தல் பிரிக்கப்படுகிறது. அவனுக்குச் சுருதி என்றால் என்னவென்று சொல்லித்தர அந்தக் கூட்டத்திலிருந்து எவரும் அவன் வீட்டைத் தேடிப் போவதில்லை.